குவாட்டர்பேக்கை எடைபோடும் சந்தை: இண்டியானாபொலிஸ் கம்பைன் சேவைக்கு ஒரு மதிப்புரை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக் கடைசியில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) ஆடி முடித்த முன்னூற்றுச் சொச்சம் இளைஞர்களைக் கூட்டிவைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் அவர்களுடைய உடலையும் ஓட்டத்தையும் பேச்சையும் அளந்து எழுதிக்கொள்கிறார்கள். ஸ்கவுட்டிங் கம்பைன் என்று இதற்குப் பெயர். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஏப்ரல் மாதத்தில் அவை முறைவைத்து, சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் யாரை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டிய அந்த அணிகளுக்காக நடத்தப்படும் சேவை இது. பல ஆண்டுகளாக இதைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்த்து வருகிறவன் என்ற முறையில், சேவை தன் வேலையைச் செய்கிறதா என்று எழுதிப் பார்க்கத் தோன்றியது. எல்லா இடத்து ஆட்டக்காரர்களையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை நீண்டுவிடும். ஆகவே குவாட்டர்பேக் என்ற ஒரே சரக்கை மட்டும் வைத்துச் சோதிக்கிறேன். அந்தச் சரக்குக்குத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் செலவழிக்கிறார்கள். அதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் தாக்கும் அணியின் 11 பேரில், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, எப்போது விட்டுவிடுவது என்று முடிவு செய்பவர்தான் குவாட்டர்பேக். நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் ஓர் அணிக்குப் பதினைந்து ஆண்டுகள் கவலையில்லை. அவரைத் தேடி ஊர் ஊராகக் கல்லூரி மைதானங்களுக்கு அலைபவர்கள் ஸ்கவுட்டுகள். சாரணர் என்று தமிழாக்கினால் பள்ளிக்கூடத்துக் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வரும். ஒற்றர் என்ற பழைய சொல் இவர்களுடைய வேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. பயிற்சித் திடலின் ஓரத்தில் நின்று பார்ப்பது, பயிற்சியாளரிடம் பேச்சுக் கொடுப்பது, குறிப்பெழுதி மேலிடத்துக்கு அனுப்புவது என்று ஆண்டு முழுவதும் இவர்கள் செய்யும் வேலை கம்பைனில் வந்து கூடுகிறது.

இந்தக் கூட்டுமுயற்சி சிக்கனத்தில் பிறந்தது. 1963இல் டெட்ராய்ட் லயன்ஸ், பிலடெல்ஃபியா ஈகிள்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஆகிய மூன்று அணிகளும் ஒற்றாடும் செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் அமைப்பை ஏற்படுத்தின. பிற்பாடு வேறு அணிகள் வேறு கூட்டணிகள் அமைத்தன. 1982இல் அத்தகைய கூட்டணி ஒன்று ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் நடத்திய முகாம்தான் கம்பைனின் தொடக்கம். ஒரே இளைஞனை ஒவ்வோர் அணியின் மருத்துவரும் தனித்தனியாக வரவழைத்துச் சோதிப்பதற்குப் பதில், எல்லாரும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்பதே முதல் நோக்கம். 1985இல் எல்லாம் ஒன்றாயின. 1987 முதல் இடம் இண்டியானாபொலிஸ்.

அந்த முதல் நோக்கத்துக்கு இன்றும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். முழங்கால் தசைநார், தோள்மூட்டு, பழைய எலும்பு முறிவு என்று எல்லாவற்றையும் அணிகளின் மருத்துவர்கள் நேரடியாகப் பார்க்கிறார்கள். வெளியே தெரியாத இதயக் கோளாறுகள்கூட இங்கே பிடிபட்டதுண்டு. கம்பைன் இத்தோடு நின்றிருந்தால் இந்த மதிப்புரைக்கு வேலையே இருந்திருக்காது.

நிற்கவில்லை. மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்ததும் தொடங்குகிறது சந்தை. அரைக்கால் சட்டை மட்டும் அணிந்த இளைஞன் மேடையேறி, சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க, உயரத்தை எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை துல்லியமாகக் குறிக்கிறார்கள். கையை விரித்து மேசைமேல் வைக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். எதிரே பேரேடும் பேனாவுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழியை எண்ணும் தரகர்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. 2020இல் ஜோ பர்ரோவின் கை 9 அங்குலம் என்று அளந்து சொன்னார்கள். குவாட்டர்பேக்குக்கு அது சிறிய கையாம். இவ்வளவு சிறிய கையிலிருந்து பந்து நழுவிவிடும் என்பதால் ஓய்வு பெற யோசிக்கிறேன் என்று அவரே கேலியாக எழுதினார். நல்லவேளை, அந்த ஆண்டு சின்சினாட்டி அணி அளவுகோலைக் கேட்காமல் அவரை முதல் ஆளாக எடுத்தது. இரண்டாம் பருவத்திலேயே அவர் அணியை, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார்.

உயரத்தின் கதையில் ஏமாந்தவர்கள் அதிகம். ஆறடிதான் என்பதால் ட்ரூ பிரீஸ் 2001இல் முதல் சுற்றில் எடுபடாமல் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் 32ஆவது ஆளாகப் போனார். எறிதலால் அணி முன்னேறும் தூரத்தைக் கெஜத்தில் கணக்கெழுதுவார்கள். ஓய்வு பெறும்போது எறிந்து சேர்த்த கெஜங்களில் அவர்தான் உலகில் முதலிடம். ஆறடிக்கும் குறைவான ரஸ்ஸல் வில்சன் 2012இல் 75ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, இரண்டே ஆண்டில் சியாட்டில் அணிக்கு சூப்பர் பௌல் வென்று கொடுத்தார். உயரம் குறைந்தவன் எதிரே நிற்கும் மலைபோன்ற ஆட்களுக்கு மேலாக எப்படிப் பார்ப்பான் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவன் கல்லூரியில் நான்கு ஆண்டுகளாக எப்படிப் பார்த்தான் என்பதற்குப் படச்சுருளில் பதில் இருக்கும்போது, சுவரில் கோடு போட்டு அதையே திரும்பக் கேட்பானேன்?

அடுத்தது 40 கெஜ ஓட்டம். தொலைக்காட்சி இதைத்தான் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறது. இதில்தான் இந்தச் சேவையின் மிகப் புகழ்பெற்ற சறுக்கல் நடந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு. அந்த ஜனவரி 30ஆம் தேதி நடந்த சூப்பர் பௌலில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்காக 414 கெஜம் எறிந்து சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கியவர் கர்ட் வார்னர். 1994 டிராஃப்டில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. கிரீன் பே முகாமுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டார். அயோவா மாநிலத்தில் ஒரு பலசரக்குக் கடையில் மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். உள்ளரங்கக் கால்பந்திலும், பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பிய லீக்கிலும் ஆடினார். 1999இல் புதிதாக உருவான கிளீவ்லாந்து அணி மற்ற அணிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றபோது, ராம்ஸ் அவரைக் காத்துக்கொள்ளக்கூட இல்லை, கிளீவ்லாந்தும் சீண்டவில்லை. முதல்நிலை குவாட்டர்பேக் ட்ரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனதால்தான் அந்தப் பருவம் அவர் கைக்கு வந்தது. வந்த பருவத்தில் 41 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்தார். நாட்டில் உள்ள ஒவ்வொரு ஸ்கவுட்டும் பார்த்த, ஒவ்வொரு செய்தித்தாளும் எழுதிய கதை இது.

அந்தச் சூடு ஆறுவதற்குள், சில வாரங்களில், இண்டியானாபொலிஸில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாம் பிரேடி ஓட வந்தார். 40 கெஜத்துக்கு 5.28 விநாடி. நின்ற இடத்திலிருந்து எம்பியது 24.5 அங்குலம். மேல்சட்டையில்லாமல், விலா எலும்பு தெரிய, தோள் சரிந்து நிற்கும் அவருடைய கம்பைன் புகைப்படத்தை இன்று பார்த்தாலும், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை போலத்தான் இருக்கும். ஒல்லி, வலுவில்லை, நகரத் தெரியாது, எறியும் கை பலமானதல்ல என்ற பொருளில்தான் குறிப்புகள் எழுதப்பட்டன. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அத்தனையும் கண்ணால் கண்டவை.

ஆனால் கம்பைனுக்கு எட்டு வாரம் முன்னால், ஜனவரி முதல் தேதி, ஆரஞ்ச் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக என்ன நடந்தது என்பதும் கண்ணால் கண்டதே. மிச்சிகன் இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கியது. பிரேடி 46 முறை எறிந்து 34ஐச் சேர்த்தார். 369 கெஜம், 4 டச்டவுன். கூடுதல் நேரத்தில் 35–34 என்று வெற்றி. ஸ்கவுட்டுகளைக் குழப்பிய காரணம் ஒன்று உண்டு. மிச்சிகனின் பயிற்சியாளரே அந்தப் பருவத்தின் முற்பகுதியில் பிரேடியையும் ட்ரூ ஹென்சன் என்ற இளைய குவாட்டர்பேக்கையும் மாற்றி மாற்றி ஆடவைத்தார். சொந்த வீட்டிலேயே பாதி நம்பிக்கைதான் என்றால் நாம் ஏன் முழுப் பணம் கொடுக்க வேண்டும் என்று வெளியாட்கள் கேட்டதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், அந்தப் பாதி நம்பிக்கைக்கு நடுவிலும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை மீட்டுக்கொண்டு வந்தவர் யார் என்று பார்க்கத் தவறியதில்தான்.

டிராஃப்டில் அவருக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகள் போனார்கள். பிரேடி சிறுவயதில் ஆராதித்த சான் ஃபிரான்சிஸ்கோ அணி, 65ஆவது இடத்தில் ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் ஜியோவானி கார்மாஸியை எடுத்தது. அவர் ஒரு லீக் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பிரேடியை எடுத்தது ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாக. அந்த அணியை இன்று தீர்க்கதரிசிகள் என்கிறார்கள். அவர்களும் அன்றைக்கு ஆறு பேரை எடுத்து முடித்து, ஏழாவதாகத்தான் இவரை எடுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அங்கே உண்மையாகவே பார்த்தவர் ஒருவர் இருந்தார்: குவாட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பிரேடிதான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 2001 ஆகஸ்டில், 45 வயதில், இதயக் கோளாறால் இறந்துபோனார். அடுத்த மாதம் முதல்நிலை குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ காயமடைந்து பிரேடி உள்ளே வந்ததையும், அதன் பிறகு பிரேடி வென்ற ஏழு சூப்பர் பௌல்களையும் அவர் பார்க்கவில்லை.

கடிகாரத்தின் மீது எனக்கு வருத்தமில்லை. கேள்வியின் மீதுதான் வருத்தம். குவாட்டர்பேக் 40 கெஜம் நேராக ஓடுவது ஒரு பருவத்தில் எத்தனை முறை? அவருடைய வேலை இரண்டரை, மூன்று விநாடிக்குள் நடப்பது. பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணியின் பின்காவலர்கள் ஒருவர் நிற்கிறாரா, இருவரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து வந்ததும் ஐந்து காலடி பின்வாங்கும் நேரத்தில் அந்தப் பின்காவலர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று படிக்க வேண்டும். முதல் ஆள் அடைபட்டிருந்தால் இரண்டாம் ஆள், அவரும் இல்லையென்றால் மூன்றாம் ஆள். இதற்குள் இடதுபக்கம், பார்வைக்கு எட்டாத கோணத்தில், 120 கிலோ எடையுள்ள ஒருவர் பாய்ந்து வந்துகொண்டிருப்பார். அவர் வருவது தெரிந்தும் அரையடி மட்டும் விலகி, கண்ணைத் தூரத்திலிருந்து எடுக்காமல், ஆள் இன்னும் வந்து சேராத வெற்றிடத்தில் பந்தைப் போட வேண்டும். கம்பைனில் இதில் எந்தப் பகுதிக்கும் சோதனை கிடையாது. அங்கே எறியும் பயிற்சியும் உண்டு. ஆனால் எதிரணி என்று ஒரு மனிதர்கூட இல்லாத வெறும் களத்தில், முன்பின் பழக்கமில்லாத ஆட்களுக்கு எறிய வேண்டும். பேர்பெற்ற குவாட்டர்பேக்குகள் பலர் அதையும் மறுத்துவிட்டு, தங்கள் கல்லூரியில் பழகிய ஆட்களை வைத்துத் தனியாக எறிந்து காட்டுகிறார்கள். அப்படியொரு காட்சியில் 2007இல் ஜமார்கஸ் ரஸ்ஸலின் கைவலிமையைக் கண்டு வந்தவர்கள் எல்லாம் வாய்பிளந்தார்கள். ஓக்லாந்து முதல் ஆளாக எடுத்தது. மூன்று பருவங்களில் அனுப்பிவிட்டது.

அறிவுச் சோதனை என்ற பெயரில் பல ஆண்டுகள் ஒரு தாளைக் கொடுத்தார்கள்: 12 நிமிடம், 50 கேள்வி. வான்டர்லிக் என்று பெயர். அலுவலக வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்பட்ட அதே சோதனை. ஹார்வர்டில் படித்த ரையன் ஃபிட்ஸ்பேட்ரிக் அதில் 48 வாங்கினார் என்பது பிரபலம். ஒன்பது அணிகளில் ஆடி, ஒரு பிளே-ஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டத்தையும் காணாமலே ஓய்வு பெற்றார். டான் மரினோ இருபதைக்கூடத் தொடவில்லை என்பார்கள். 1983இல் ஐந்து குவாட்டர்பேக்குகளுக்குப் பிறகு 27ஆவது ஆளாகப் போன அவர், மறு ஆண்டே 5,084 கெஜமும் 48 டச்டவுனும் எறிந்து அன்றைய சாதனைகளை முறியடித்தார். 2022 முதல் கம்பைனில் அந்தத் தாளை நிறுத்திவிட்டார்கள். காலம் கடந்தாலும் நல்ல முடிவு. அதற்குப் பதிலாக அணிகள் சில கணினிவழிச் சோதனைகளை நாடின. அவற்றில் ஒன்றில் சி.ஜே. ஸ்ட்ரௌட் மிகக் குறைவாக வாங்கினார் என்று 2023 டிராஃப்டுக்கு முன் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் பொருட்படுத்தாமல் அவரை எடுத்தது. அந்தப் பருவத்திலேயே அவர் தாக்குதலின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். பழைய கள்ளைப் புதுக் கலயத்தில் ஊற்றியதுதான் மிச்சம்.

இதுவரை சொன்னவை கருவியின் குறைகள். இனிச் சொல்லப்போவது கருவியைப் பிடித்திருக்கும் கையின் குறை. குவாட்டர்பேக் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஓர் உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு எந்த அளவுகோலும் அந்த உருவத்தையே உறுதிப்படுத்திக் கொடுக்கும். 1978இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ரோஸ் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் வெல்லவைத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய வாரன் மூன் கறுப்பினத்தவர். குவாட்டர்பேக் இடத்தை விட்டு வேறு இடத்துக்கு மாறினால் பார்க்கலாம் என்பது அன்றைய சந்தையின் பேச்சு. அவர் மாறவில்லை, கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணிக்கு, அந்நாட்டு லீக்கின் கிரே கோப்பையை அடுத்தடுத்து ஐந்து முறை வென்ற பிறகுதான், 1984இல் ஹூஸ்டன் அவரை அழைத்தது. 2006இல் அவர் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். நவீன காலத்தில் அந்த இடம் பெற்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மனை ஏற்கெனவே வென்றிருந்த லமார் ஜாக்சனிடமும் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறலாமே என்ற பேச்சு எழுந்தது. அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: கம்பைனில் 40 கெஜம் ஓடவே மறுத்துவிட்டார். ஓடினால் வேகத்தைக் காட்டியே இடத்தை மாற்றிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். நான்கு குவாட்டர்பேக்குகள் முதல் பத்து இடங்களுக்குள் போய்விட்டார்கள். பால்டிமோர் அணியும் 25ஆவது இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டு, பிறகு பேரம் பேசி முதல் சுற்றின் கடைசியான 32ஆவது இடத்தில் இவரை எடுத்தது. 2019இல் 36 டச்டவுன் எறிந்து, 1,206 கெஜம் ஓடி, ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் மிகச் சிறந்த ஆட்டக்காரரானார். அதற்குமுன் அப்படி ஒருமனதாகத் தேர்வானவர் ஒருவர்தான்: 199ஆவது ஆள்.

சேவையின் இப்போதைய தரம் எப்படி என்று கேட்பவர்களுக்குச் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் கணக்கேடே போதும். 2021இல் ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்கை மூன்றாவது ஆளாக எடுப்பதற்காக அந்த அணி, டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் தன் உரிமைகள் மூன்றைக் கொடுத்தது. உயரம், வேகம், கைவலிமை எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தன. கல்லூரியில் முழுமையாக ஆடிய பருவம் மட்டும் ஒன்றே ஒன்று. மறு ஆண்டு, 262 பேர் கொண்ட டிராஃப்டின் கடைசிப் பெயராக, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் பிராக் பர்டியை அதே அணி எடுத்தது. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘பொருட்டற்ற திருவாளர்’ என்ற பொருள்பட ஒரு பட்டம் 1976 முதல் வழங்கப்படுகிறது. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் விழா எடுத்து, பந்தை நழுவவிடும் ஆட்டக்காரனின் சிலையைக் கோப்பையாகத் தருகிறார்கள். நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஓயாமல் ஆடிய பர்டிக்குக் கிடைத்த முதல் தொழில்முறை மரியாதை அது.

லான்ஸுக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்து நின்ற ஜிம்மி கரோப்பலோவுக்குப் பாதம். 2022 டிசம்பர் 11ஆம் தேதி பர்டி முதன்முறையாகத் தொடக்கக் குவாட்டர்பேக்காகக் களமிறங்கினார். எதிரே டாம்பா பே அணிக்காக நின்றவர், அப்போது 45 வயதான டாம் பிரேடி. 262ஆவது ஆளும் 199ஆவது ஆளும். ஆட்டம் 35–7 என்று பர்டியின் பக்கம் முடிந்தது. பார்வையாளர் வரிசையில் பர்டியின் தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கேமரா காட்டியது. மறு பருவத்தில் பர்டி சூப்பர் பௌல் வரை போனார். லான்ஸை அந்த அணி ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு டாலஸுக்குத் தள்ளிவிட்டது. ஒரே கடையில், ஒரே தராசில் நிறுத்த இரண்டு சரக்கு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படும் குவாட்டர்பேக்குகளில் பெரும்பாலோர் தடம் தெரியாமல் போகிறார்கள் என்பது உண்மை. 1998இல் பெய்டன் மானிங்கா ரையன் லீஃபா என்று நாடே இரண்டுபட்டு நின்றபோது இண்டியானாபொலிஸ் அணி மானிங்கை எடுத்தது சரியாகவே முடிந்தது. முதல் இடத்தில் எடுக்கப்பட்டு முதல்தரமாகவே ஆடியவர்களும் குறைவில்லை. ஆனால் சேவையின் சார்பாக வைக்கப்படும் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு மூன்று பருவம் தோற்றாலும் வாய்ப்பு உண்டு. போட்ட பணத்தை நினைத்து அணி பொறுத்துக்கொள்ளும். கடைசிச் சுற்றுக்காரருக்கு, முன்னால் நிற்பவரின் முழங்கால் போனால்தான் வாசல் திறக்கும். வார்னருக்கு ட்ரென்ட் கிரீன், பிரேடிக்கு பிளெட்சோ, பர்டிக்கு அடுத்தடுத்து இரண்டு பேர். 1955இல் ஒன்பதாம் சுற்றில் எடுத்த ஜானி யுனைட்டஸை ஸ்டீலர்ஸ் அணி ஒரு பயிற்சி ஆட்டத்தில்கூட இறக்காமல் அனுப்பியது. அவர் கட்டுமான வேலைக்குப் போய்க்கொண்டே, ஆட்டத்துக்கு ஆறு டாலர் வாங்கிக்கொண்டு பிட்ஸ்பர்கின் ஓர் உள்ளூர் அணியில் ஆடினார். பால்டிமோரிலிருந்து 1956இல் அழைப்பு வராமல் போயிருந்தால், ஸ்டீலர்ஸின் கணிப்பு சரி என்றே கணக்கில் ஏறியிருக்கும். முன்னால் நின்றவர் காயமடையாத அணிகளில் எத்தனை பேர் அப்படிச் சரியான கணிப்புகளாக வீடு திரும்பினார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் பெர்ரியும் ராப் சிம்மன்ஸும் குவாட்டர்பேக்குகளை வைத்துச் செய்த ஆய்வொன்றும் இதையே வேறு வழியாகச் சொல்கிறது. உயரம், ஓட்டம் போன்ற கம்பைன் அளவுகள் ஒருவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுவார் என்பதைப் பாதிக்கின்றன. ஆனால் களத்தில் அவர் ஒவ்வோர் எறிதலிலும் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பதோடு அவற்றுக்குப் பெரிய தொடர்பில்லை. அதாவது சேவை விலையை நிர்ணயிக்கிறது, தரத்தைச் சொல்வதில்லை.

ஆகவே என் மதிப்பெண்: மருத்துவச் சோதனைக்கு ஐந்துக்கு நாலரை. குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்கும் சேவைக்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரையும், வான்டர்லிக்கை நிறுத்தியதற்காக.

பொழுதுபோக்காகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. குவாட்டர்பேக்குகளின் நாளில் ஓட்டம் முடியும்வரை தேநீர் போடப் போய்விடலாம். எறியும் பயிற்சி தொடங்கியதும் வந்து உட்கார்ந்து, ஓரக்கோட்டை நோக்கி ஓடித் திரும்பும் ஆளுக்கு எறியும் கட்டத்தை மட்டும் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பிடிப்பவரின் தலையைப் பாருங்கள். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து எறிபவரின் கையை விட்டுப் போயிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். திரையின் கீழே எந்த எண்ணும் ஓடாது. அறிவிப்பாளர் பெரும்பாலும் அப்போது வேறு யாருடைய கை அகலத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்.